பெருந்தேவியும் எங்கள் வீட்டு மொட்டைப்பாட்டியும்

வடுவூர் கே. துரைசாமி ஐயங்காரின் 'மேனகா'வை மூன்றாவது தடவையாகப் படித்து முடித்தேன். முதல் தடவை கல்லூரி ஹாஸ்டலில், நண்பர்களோடு சேர்ந்து சிரிப்பதற்காகப் படித்தது. இரண்டாவது தடவை, பழைய வெகுஜன நாவல்களைப் பற்றி இந்தப் பக்கத்தில் குறிப்புகள் எழுத ஆரம்பித்தபோது. இந்தத் தடவை காரணம் வேறு. அப்பா காலமான பிறகு, கும்பகோணம் பக்கத்தில் இருந்த எங்கள் ஊர் வீட்டைக் காலி செய்தோம். பரணில் ஒரு தகரப்பெட்டி. அதில் தாத்தாவின் கணக்கு நோட்டுகள். அவற்றில் இருந்த ஒரு பற்று வரவு என்னைத் திரும்பவும் 'மேனகா'விடம் அனுப்பியது. அது என்ன என்பதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் நாவல்.

நான் ஆய்வாளன் இல்லை. பி.இ. படித்துவிட்டு இருபது வருஷமாக மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். அதனால் இலக்கியக் கோட்பாடு எதுவும் இதில் வராது. ஒரு கதை ஒரு வீட்டுக்குள் போய் என்ன வேலை செய்கிறது என்பதுதான் என் கேள்வி.

கதை

'மேனகா' 1923-ல் வந்தது. டிப்டி கலெக்டர் சாம்பசிவ ஐயங்காரின் மகள் மேனகா. கணவன் வராகசாமி, வக்கீல். நல்லவன்தான், ஆனால் சொந்தப் புத்தி கிடையாது. வீட்டை நடத்துவது அவனுடைய சகோதரிகள் பெருந்தேவியும் கோமளமும். இருவருமே கணவனை இழந்து பிறந்த வீட்டோடு வந்துவிட்டவர்கள். இவர்களுக்கு ஆலோசகர் சாமாவையர். மேனகாவைப் படுத்தி எடுக்கிறார்கள். அது போதாது என்று சென்னையில் ஒரு பணக்கார மரைக்காயருக்கு அவளை விற்றே விடுகிறார்கள். அவள் ஒரு நாடகக்காரனோடு ஓடிப்போய்விட்டாள் என்று வராகசாமியை நம்பவைக்கிறார்கள். மரைக்காயரின் மனைவி நூர்ஜஹான்தான் மேனகாவைக் காப்பாற்றுகிறாள். அப்புறம் போலீஸ், ஆஸ்பத்திரி, ஆள்மாறாட்டம் எல்லாம் வந்து, கெட்டவர்கள் மாட்டிக்கொண்டு, தம்பதி ஒன்றுசேர்ந்து சுபம்.

கதைச் சுருக்கத்தை மட்டும் படித்தால் இன்றைய டி.வி. சீரியல் மாதிரி இருக்கும். அது தற்செயல் இல்லை. நாத்தனார் சூழ்ச்சி, கடிதத்தை வைத்துச் சந்தேகம், ஒன்றும் தெரியாத புருஷன், எல்லாவற்றையும் தாங்கும் மருமகள் என்ற அமைப்பு தமிழில் நூறு வருஷமாக ஓடிக்கொண்டிருக்கிறது. எங்கள் தொழிலில் இதை லெகசி கோட் என்போம். யார் எழுதினார்கள், ஏன் அப்படி எழுதினார்கள் என்று யாருக்கும் ஞாபகம் இருக்காது. ஆனால் அதைத் தொட எல்லோருக்கும் பயம், ஏனென்றால் ஓடுகிறது.

வடுவூராரை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். வர்ணனையில் அவர் உரைநடை பட்டுப்புடவை கட்டிக்கொண்டு நடக்கிற மாதிரி தடுக்கிறது. ஆனால் பெருந்தேவியும் சாமாவையரும் பேச ஆரம்பித்தால் அந்தக் காலத்து ஐயங்கார் ஆத்துக் கூடமே காதில் விழுகிறது. ஒருவரை ஒருவர் சீண்டுவது, சாப்பாட்டைப் பற்றிய குத்தல், சம்பந்தி வீட்டுச் சீரை எடைபோடுவது எல்லாம் நேரில் கேட்டவர் எழுதியது. கொடுமைக்காரிகள் என்று அவர் நிறுத்தும் பெண்களுக்குத்தான் நாவலில் மிகச் சிறந்த பேச்சு கிடைத்திருக்கிறது. மேனகா பேசுவது மேடைப் பேச்சு. பெருந்தேவி பேசுவது பேச்சு.

இன்னொரு நல்ல விஷயம் நூர்ஜஹான். பெண்ணை விலைக்கு வாங்கும் காமுகனாக ஒரு முஸ்லிம் ஆணை வைத்தது அந்தக் காலத்துச் சோம்பேறித்தனமான வார்ப்பு, அதை மன்னிக்க வேண்டியதில்லை. ஆனால் மேனகாவைப் பெற்றவர்களும் கட்டியவனும் காப்பாற்றவில்லை. விற்கப்பட்ட வீட்டின் எஜமானி காப்பாற்றுகிறாள். கணவனின் தப்பை அவள் மூடி மறைப்பதில்லை. 1923-ல், ஐயங்கார் வாசகர்களை மனதில் வைத்து எழுதிய ஒரு நாவலில், மிக நேர்மையான மனுஷி ஒரு முஸ்லிம் பெண். இதை எழுதிய அதே கைதான் பெருந்தேவியையும் எழுதியது என்பதுதான் என் பிரச்சினை.

கொடுமைக்காரி ஏன் விதவை?

மூன்றாவது வாசிப்பில்தான் இந்தக் கேள்வி வந்தது. மருமகளைப் படுத்த ஒரு மாமியார் போதுமே. தமிழ்க் கதை மரபில் அதற்குப் பஞ்சமே இல்லை. வடுவூரார் மாமியாரை வைக்காமல், கணவனை இழந்த நாத்தனார்கள் இரண்டு பேரை வைக்கிறார்.

அவர் இல்லாததைக் கற்பனை செய்யவில்லை. அன்றைய பிராமண வீடுகளில் அப்படி ஒருத்தி அநேகமாக இருந்தாள். எட்டு, ஒன்பது வயதில் கல்யாணம். பெரியவள் ஆவதற்குள்ளேயோ, ஆன கொஞ்ச நாளிலோ புருஷன் செத்துப்போவான். தலையை மழித்து, நார்மடிப் புடவையைக் கொடுத்து, பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அதற்குப் பிறகு ஐம்பது வருஷம் அந்த வீட்டின் பின்கட்டில் வாழ்க்கை. சமையல், மடி, ஏகாதசி, பிரசவம் பார்ப்பது, குழந்தைகளை வளர்ப்பது எல்லாம் அவள் பொறுப்பு. நல்ல காரியம் நடக்கும்போது மட்டும் எதிரே வரக் கூடாது.

இவளுக்குச் சட்டத்தில் என்ன இருந்தது? 1856-லேயே விதவை மறுமணச் சட்டம் வந்துவிட்டது. ஆனால் மறுமணம் செய்துகொண்டால் முதல் கணவன் வழியாக வந்த சொத்தில் உரிமை போய்விடும். செய்துகொள்ளாவிட்டாலும், கூட்டுக் குடும்பத்தில் அவளுக்கு இருந்தது ஜீவனாம்சம் மட்டும்தான், பங்கு கிடையாது. கணவனின் பங்கு விதவைக்கு உண்டு என்று சட்டம் வந்தது 1937-ல். அதுகூட ஆயுட்காலம் வரை அனுபவிக்கலாம் என்ற அளவில்தான். முழு உரிமை 1956-ல். பிறந்த வீட்டிலோ அவளுக்கு இருந்தது அப்பாவின் பாசம், அப்பா போன பிறகு தம்பியின் தயவு. தம்பிக்கு ஒருத்தி வந்து, அவள் 'இது என் ஆம்' என்று சொல்லிவிட்டால் எல்லாம் முடிந்தது.

இதை வைத்துக்கொண்டு 'மேனகா'வைத் திரும்பப் படியுங்கள். பெருந்தேவி ஏன் தம்பியைக் கைக்குள் வைத்திருக்கிறாள்? ஏன் மருமகள் நிலைத்துவிடக் கூடாது என்று துடிக்கிறாள்? கதாசிரியர் சொல்லும் பதில், அவள் கெட்டவள். சட்டமும் வீட்டுக் கணக்கும் சொல்லும் பதில், அந்தத் தம்பிதான் அவளுடைய ஒரே சொத்து.

ராத்திரி இரண்டு மணிக்கு சர்வர் விழுந்துவிட்டால் நாங்கள் மறுநாள் உட்கார்ந்து பேசுவோம். யார் அந்தக் கமாண்டை அடித்தது என்று கேட்பதோடு கூட்டம் முடிந்துவிட்டால் அடுத்த மாதமும் சர்வர் விழும். ஒரே ஆள் தப்பாக ஒரு பொத்தானை அழுத்தினால் எல்லாமே விழுகிற மாதிரி ஏன் கட்டிவைத்தோம் என்று கேட்க வேண்டும். வடுவூரார் முதல் கேள்வியோடு கூட்டத்தை முடித்துவிடுகிறார். பெருந்தேவிக்குத் தண்டனை கிடைக்கிறது, வாசகருக்கு நிம்மதி கிடைக்கிறது. பெருந்தேவிகளை உண்டாக்குகிற ஏற்பாடு அப்படியே இருக்கிறது.

இருபது வருஷத்துக்கு முன்னால்

இதில் எனக்கு ஆச்சரியம் என்னவென்றால், தமிழ் நாவல் இதைவிட நல்ல இடத்தில்தான் தொடங்கியது. அ. மாதவையா 1892-ல் 'விவேக சிந்தாமணி'யில் 'சாவித்திரி சரித்திரம்' என்று ஒரு தொடர் எழுத ஆரம்பித்தார். அது பாதியில் நின்றுபோனது. அதையே பிறகு 'முத்துமீனாட்சி' என்ற நாவலாக 1903-ல் கொண்டுவந்தார். அதில் ஒரு பிராமண விதவைப் பெண் தன் கதையைத் தானே சொல்கிறாள். 'நான்' என்று சொல்கிறாள். மாமியார் கொடுமை அதிலும் உண்டு, சின்ன வயதுக் கல்யாணம் உண்டு, கணவன் சாவு உண்டு. ஆனால் எல்லாம் அவள் பார்வையில் வருகிறது. கடைசியில் மறுமணமும் நடக்கிறது.

அது வெறும் கற்பனை என்று சொல்ல முடியாது. ஜி. சுப்பிரமணிய ஐயர் விதவையான தன் மகளுக்கு 1889-லேயே பம்பாயில் மறுமணம் செய்துவைத்தார். அதனால் வந்த சாதி விலக்கையும் ஏற்றுக்கொண்டார். பாரதியார் முடிக்காமல் விட்டுப்போன 'சந்திரிகையின் கதை'யில் அவரையே ஒரு பாத்திரமாகக் கொண்டுவந்து, விதவை விசாலாட்சியின் மறுமணத்தைப் பற்றிப் பேசவைக்கிறார். இன்னொரு பக்கம், தானே பால்ய விதவையான சகோதரி சுப்புலட்சுமி 1911-ல் பட்டம் வாங்கி, அடுத்த வருஷமே இளம் விதவைகளைப் படிக்கவைக்க ஒரு இல்லம் ஆரம்பித்துவிட்டார். அதாவது 'மேனகா' வந்த 1923-ல், விதவைக்கு மூன்று வழிகள் பொதுவெளியில் தெரிந்திருந்தன. தன் கதையைச் சொல்லலாம், மறுபடி கல்யாணம் செய்துகொள்ளலாம், படித்து வேலைக்குப் போகலாம். வடுவூராருக்கு இது தெரியாமல் இருந்திருக்காது. தெரிந்தும், நாவலைத் தூக்கி நிறுத்த அவருக்குத் தேவைப்பட்டது விதவையின் மொட்டைத் தலை.

மாதவையாவையும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. முத்துமீனாட்சி இளம் பெண், படித்தவள், அவளைக் கட்டிக்கொள்ளத் தயாராக ஒரு நல்லவன் இருக்கிறான். நாற்பது வயதில், படிக்காமல், கட்டிக்கொள்ள யாரும் இல்லாமல், தம்பி வீட்டில் அரிசி களைகிற ஒருத்தி 'நான்' என்று ஆரம்பித்தால் எப்படி இருக்கும்? சீர்திருத்த நாவலுக்கு அவளால் பிரயோஜனம் இல்லை. அவளை மீட்க முடியாது. ஆகவே சீர்திருத்தக்காரர் விட்ட இடத்தில் அவளை வெகுஜன நாவலாசிரியர் எடுத்துக்கொண்டார். முத்துமீனாட்சிக்கு மறுமணம் நடக்காமல் இருந்திருந்தால் இருபது வருஷத்தில் அவள்தான் பெருந்தேவி. இரண்டு நாவல்களையும் அடுத்தடுத்துப் படித்தால் ஒரே பெண்ணின் முதல் பாகமும் இரண்டாம் பாகமும் மாதிரி இருக்கின்றன. ஆனால் முதல் பாகத்தில் நம்மை அழவைத்தவள் மேல் இரண்டாம் பாகத்தில் நாம் கல் எறிகிறோம்.

மேடைக்குப் போனபோது

புத்தகமாகவே நின்றிருந்தால் 'மேனகா' இத்தனை தூரம் போயிருக்காது. அந்தக் காலத்தில் எழுதப் படிக்கத் தெரிந்த பெண்கள் ரொம்பக் குறைவு. நாடகம்தான் எல்லோரிடமும் கொண்டுபோனது. எம்.கே. ராதாவின் தந்தை எம். கந்தசாமி முதலியார், ஜே.ஆர். ரங்கராஜுவின் 'ராஜாம்பாள்' போன்ற நாவல்களை மேடைக்குத் தக்கபடி மாற்றி, பாய்ஸ் கம்பெனிகளுக்குக் கற்றுக்கொடுத்தவர். அந்த வரிசையில் 'மேனகா'வும் டி.கே.எஸ். சகோதரர்களின் மேடைக்கு வந்தது. அதுவரை பாய்ஸ் கம்பெனிகளில் கோவலனும் வள்ளி திருமணமும் பவளக்கொடியும்தான். இப்போது மேடையில் ராஜா இல்லை. கோட்டுப் போட்ட வக்கீல் வருகிறார், நாற்காலி வருகிறது, தபால் வருகிறது. பார்க்க வந்தவர் தன் வீட்டுக் கூடத்தையே மேடையில் பார்த்தார். தமிழில் 'சமூக நாடகம்' வேரூன்றியதில் இந்த நாவல்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

பிறகு 1935-ல் ராஜா சாண்டோ இயக்கத்தில் டி.கே.எஸ். குழுவினர் நடித்துப் படமாகவும் வந்தது. என்.எஸ். கிருஷ்ணனுக்கு அதுதான் முதல் படம். புராணப் படங்களே வந்துகொண்டிருந்த காலத்தில் வந்த ஆரம்ப சமூகப் படங்களில் ஒன்று என்று சினிமா வரலாற்றில் இதற்கு மரியாதையான இடம் இருக்கிறது. நியாயமான இடம்தான்.

ஆனால் நாவலிலிருந்து மேடைக்குப் போகும்போது ஒன்று தொலைகிறது. நாவலில் ஒரு பாத்திரம் தனியாக உட்கார்ந்து யோசிக்கலாம், கதாசிரியர் விரும்பினால் பெருந்தேவியின் மனசுக்குள்ளும் ஒரு நிமிஷம் போகலாம். வடுவூரார் அதை அதிகம் செய்யவில்லை என்றாலும் இடம் இருந்தது. மேடையில் அந்த இடம் கிடையாது. திரை தூக்கியதும் கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பவருக்கு யார் கெட்டவர் என்று தெரிந்தாக வேண்டும். நார்மடி, முக்காடு, மழித்த தலை. வேறு எதுவும் சொல்ல வேண்டியதில்லை. அந்த வேஷத்தைப் போட்டவனும் ஒரு பையன், மேனகா வேஷத்தைப் போட்டவனும் ஒரு பையன். பெண்களின் சண்டையை ஆண்கள் எழுதி, ஆண்கள் நடித்து, ஊருக்குக் காட்டினார்கள். அதைப் பார்த்துவிட்டு வந்த பெண்கள் தங்கள் வீட்டுச் சண்டையைத் தாங்களே அந்த மாதிரி பார்க்கக் கற்றுக்கொண்டார்கள். பிந்தையதற்கு என்னிடம் இருக்கும் ஆதாரம் என் பாட்டி.

பாட்டியின் கதை

என் பாட்டிக்குக் கல்யாணம் நடந்தது 1930 தை மாசம். அவளுக்கு அப்போது பன்னிரண்டு வயசு. பதினாலு வயதுக்குக் குறைந்த பெண்ணுக்குக் கல்யாணம் கூடாது என்ற சாரதா சட்டம் 1930 ஏப்ரல் 1-ஆம் தேதி அமலுக்கு வர இருந்தது. அதற்குள் முடித்துவிட வேண்டும் என்று அவசர அவசரமாக நடந்த கல்யாணங்களில் அதுவும் ஒன்று. 1932-ல் புக்ககம் வந்தாள். வீட்டில் மாமியார் இல்லை. தாத்தாவின் அக்கா இருந்தாள். 1899-ல் பிறந்து, ஒன்பது வயதில் கல்யாணமாகி, பன்னிரண்டு வயதில் புருஷனை இழந்தவள். குடும்பத்தில் எல்லோரும் அவளைச் சொல்வது 'மொட்டைப்பாட்டி' என்றுதான். அவள் பெயர் எனக்கு அந்த நோட்டைப் பார்க்கும் வரை தெரியாது. இங்கேயும் எழுதவில்லை, வீட்டில் சிலருக்குப் பிடிக்காது.

பாட்டி சொல்லும் மொட்டைப்பாட்டி கதைகளைக் கேட்டுத்தான் நாங்கள் வளர்ந்தோம். "சாவிக்கொத்தை இடுப்புல சொருகிண்டா, சாகற வரைக்கும் எடுக்கல." "எங்காத்துலேர்ந்து வர கடுதாசியைப் பிரிச்சுப் படிச்சுட்டுத்தான் என்கிட்ட குடுப்பா." "உங்க தாத்தாகிட்ட என்னைப் பத்தி என்ன சொல்லிக்குடுப்பாளோ, ரெண்டு நாள் முகம் குடுத்துப் பேச மாட்டார்." "தலைச்சன் பிரசவத்துக்கு எட்டு மாசம் ஆன அப்புறம்தான் அனுப்பினா." கதை எப்போதும் ஒரே மாதிரி முடியும். "பகவான் பார்த்துண்டிருந்தார். கடைசில என் கையாலதான் கஞ்சி குடிச்சா."

பாட்டி நன்றாகப் படிப்பாள். வை.மு. கோதைநாயகி அம்மாளின் 'ஜகன்மோகினி' அவள் உயிர். அக்கிரஹாரத்தில் ஒரு பிரதி வரும், மத்தியானம் சாப்பாடான பிறகு நாலைந்து வீட்டுப் பெண்கள் உட்கார, பாட்டி உரக்கப் படிப்பாளாம். வை.மு.கோ.வைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். 1901-ல் பிறந்தவர், ஐந்தரை வயதில் கல்யாணம், பள்ளிக்கூடமே போனதில்லை. முதலில் சொல்லச் சொல்லத் தோழி எழுதித்தான் 'இந்திர மோகனா' என்ற நாடகம் 1924-ல் வெளிவந்தது. அடுத்த வருஷமே 'ஜகன்மோகினி' பத்திரிகையை ஏற்று நடத்த ஆரம்பித்து, 115 நாவல்கள் எழுதியவர். வடுவூராரின் நாவல் ஆண்கள் மூலமாக வீட்டுக்குள் வந்தது என்றால், 'ஜகன்மோகினி' பெண்ணின் கையிலிருந்து பெண்ணின் கைக்கு வந்தது. அந்தக் காலத்தில் நாவல் படிக்கிற பெண் கெட்டுப்போவாள் என்று எத்தனை பேர் பிரசங்கம் செய்தார்கள் என்பதை ஆ.இரா. வேங்கடாசலபதியின் 'நாவலும் வாசிப்பும்' படித்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் வீட்டில் அந்தப் பிரசங்கத்தைச் செய்தது மொட்டைப்பாட்டி. "கதைப் புஸ்தகம் படிக்கற பொம்மனாட்டி ஆத்துக்கு ஆகமாட்டா" என்பாளாம். அதனால் பாட்டிக்கு அவள் கதையிலும் எதிரி, கதை படிப்பதற்கும் எதிரி.

பாட்டி 'மேனகா' படித்திருக்கிறாளா? கேட்டிருக்கிறேன். கும்பகோணத்தில் படமே பார்த்திருக்கிறாள். "அப்படியே எங்காத்துக் கதைடா" என்றாள். நான் அப்போது பள்ளிக்கூடப் பையன். ஆமாம், அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். முப்பது வருஷம் கழித்து யோசிக்கும்போதுதான் வரிசை உறைக்கிறது. அவள் புக்ககம் வந்தது 1932. படம் வந்தது 1935. வாழ்க்கை முதலில் நடந்தது, அதற்கு ஒரு கதை வடிவம் பிற்பாடு கிடைத்தது. நடந்ததில் எது அந்த வடிவத்துக்குப் பொருந்தியதோ அது தங்கியது. பொருந்தாதது உதிர்ந்துபோனது.

நோட்டில் இருந்தது

உதிர்ந்ததில் ஒன்று நோட்டில் இருந்தது. அக்ஷய வருஷம், அதாவது 1926. தாத்தாவின் கையெழுத்து. 'அக்கா காசுமாலை வித்த வகையில் வரவு ரூ. 285.' அதற்குக் கீழே செலவு: காலேஜ் சம்பளம், புஸ்தகம், ஹோட்டல் சாப்பாடு.

தாத்தா பி.ஏ. படித்து வாத்தியார் ஆனது எங்கள் குடும்பத்தின் பெரிய கதை. அந்தப் படிப்பால்தான் அப்பா படித்தார், நான் பி.இ. படித்தேன், இப்போது உட்கார்ந்து விமர்சனம் எழுதுகிறேன். அதற்கு யார் பணம் கொடுத்தது என்று யாரும் சொன்னதில்லை. நிலத்தை விற்றார்கள் என்று பொதுவாக ஒரு பேச்சு. நிலம் இல்லை, காசுமாலை. இருபத்தேழு வயதில், இனிமேல் என்றைக்கும் கழுத்தில் போட முடியாத காசுமாலை. ஸ்திரீதனம் என்ற முறையில் அவளுடையது என்று சட்டம் ஒப்புக்கொண்ட ஒரே சொத்து அதுவாகத்தான் இருக்கும்.

அடுத்தடுத்த வருஷ நோட்டுகளைத் தேதி வரிசையாக அடுக்கி எக்ஸெல்லில் ஏற்றினேன், பழக்க தோஷம். ஒவ்வொரு வருஷமும் முதல் பக்கத்தில் 'முன் பாக்கி' என்ற தலைப்பில் 'அக்கா ரூ. 285' வருகிறது. பிரபவ, விபவ, சுக்ல, பிரமோதூத, பிரசோற்பத்தி, ஆங்கீரச வரைக்கும் வருகிறது. ஸ்ரீமுக வருஷத்து நோட்டில் இல்லை. கொடுத்துத் தீர்த்ததாக எங்கும் வரவு செலவு இல்லை. வருஷத்துக்கு இரண்டு நார்மடி வாங்கிய கணக்கு மட்டும் தொடர்ந்து இருக்கிறது. ஸ்ரீமுக என்பது 1933. பாட்டி புக்ககம் வந்த அடுத்த வருஷம்.

இதை வைத்துத் தாத்தா ஏமாற்றினார் என்று நான் சொல்ல மாட்டேன். வேறு நோட்டில் எழுதியிருக்கலாம், அக்காவே வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். பாட்டி பொய் சொன்னாள் என்றும் சொல்ல மாட்டேன். பதினாலு வயதுப் பெண்ணின் கடிதத்தைப் பிரித்துப் படிப்பது கொடுமைதான். அது நடந்தது, அவளுக்கு வலித்தது, எண்பது வயது வரைக்கும் வலித்தது. மொட்டைப்பாட்டியை மகானாக்கி நான் இன்னொரு நாவல் எழுதப் போவதில்லை.

ஆனால் இப்போது சாவிக்கொத்து எனக்கு வேறு மாதிரி தெரிகிறது. தன் கழுத்தில் இருந்ததை விற்றுத் தம்பியைப் படிக்கவைத்தவள், அந்தப் படிப்பினால் வந்த சம்பளத்தை இன்னொரு பெண் கையில் கொடுக்கிற நாளில் சாவியை இறுகப் பிடித்துக்கொள்ள மாட்டாளா? அவளிடம் பத்திரம் இல்லை, பங்கு இல்லை, பென்ஷன் இல்லை. 'அக்கா ரூ. 285' என்ற ஒரு வரிதான் இருந்தது. அதுவும் அடுத்த வருஷம் எழுதப்படவில்லை.

வெகுஜன நாவல்களைப் பற்றிப் பேசும்போது இரண்டு விதமான பேச்சுதான் இங்கே நடக்கிறது. ஒன்று, அவை குப்பை, தமிழ் உரைநடை மணிக்கொடியில்தான் ஆரம்பிக்கிறது என்பது. இன்னொன்று, அவைதான் அன்றைய வாழ்க்கையின் கண்ணாடி, சமூக வரலாற்றுக்கு ஆவணம் என்பது. நானே இரண்டாவதைப் பலமுறை எழுதியிருக்கிறேன். இப்போது திருத்திக்கொள்கிறேன். 'மேனகா' கண்ணாடி மட்டும் இல்லை, அச்சும்கூட. பெருந்தேவி மாதிரி ஒருத்தி நம் வீட்டிலும் இருக்கிறாள் என்று காட்டியதோடு அது நிற்கவில்லை. நம் வீட்டில் இருப்பவளைப் பெருந்தேவியாக மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளவும் கற்றுக்கொடுத்தது. அவள் வாங்கிக்கொடுத்த படிப்பை மறக்கவும், பிரித்துப் படித்த கடிதத்தை மறக்காமல் இருக்கவும். அதைச் சுவாரசியமாகச் செய்தது என்பதால்தான் மூன்று தலைமுறைக்கு நின்றது.

இவ்வளவு சொன்ன பிறகும் 'மேனகா'வைப் படியுங்கள் என்றுதான் சொல்வேன். ஓட்டமான கதை, பெருந்தேவியின் பேச்சுக்காகவே படிக்கலாம். முடிந்தால் 'முத்துமீனாட்சி'யை முதலில் படித்துவிட்டு அதைப் படியுங்கள். அந்த வரிசையில் படித்தால் வடுவூரார் சொல்லாததும் கொஞ்சம் கேட்கும்.

மொட்டைப்பாட்டி 1961-ல் இறந்தாள். போட்டோ கிடையாது, அவளை யாரும் போட்டோ எடுக்கவில்லை. வீட்டில் தாத்தாவுக்குத் திதி கொடுக்கும்போது அவளைப் பற்றிப் பேச்சு வந்தால் இன்னமும் யாராவது ஒருவர் சாவிக்கொத்துக் கதையை எடுப்பார்கள், எல்லோரும் சிரிப்பார்கள். போன மாதம் வந்த திதியில் நான் காசுமாலைக் கணக்கைச் சொன்னேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் என் சித்தி, "அவ பேர் என்னடா போட்டிருக்கு அந்த நோட்டுல?" என்று கேட்டாள். சொன்னேன்.

உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படிக் கணக்கு நோட்டுகள் இருக்கலாம். பழைய பேப்பர்க்காரருக்குப் போடுவதற்கு முன்னால் ஒரு தடவை புரட்டிப் பாருங்கள். 'ஜகன்மோகினி'யின் முப்பதுகளின் இதழ்கள் யாரிடமாவது இருந்தாலும் எனக்கு எழுதுங்கள். வை.மு.கோ.வின் விதவைப் பாத்திரங்களைப் பற்றி அடுத்த கட்டுரையில் எழுதலாம் என்று இருக்கிறேன்.